எதிர்த்தரப்பு காட்டிய கல்யாணப் படம்

தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தது. மகள் கல்லூரி முடிக்கும்வரை அதே கடை, அதே முதல் மாடி. பட்டு விற்பவனுக்கு நிற்பது, உட்கார்வது என்று தனித்தனியாக எதுவும் கிடையாது. வெள்ளை மெத்தையில் ஒரு முட்டியை மடித்து ஒரு முட்டியை ஊன்றி, பாதி எழுந்த நிலையிலேயே பகல் போய்விடும். மேல் தட்டிலிருந்து புடவைக் கட்டை இழுக்க வேண்டும், குனிந்து விரிக்க வேண்டும், முந்தானையை நம் தோளிலேயே போட்டுக் காட்ட வேண்டும், அவர்கள் வேண்டாம் என்று எழுந்து போனதும் எல்லாவற்றையும் மறுபடி மடிக்க வேண்டும். எங்கள் பிரிவில் இடுப்பு பெல்ட் போடாத ஆள் குறைவு. அதனால் எனக்கு முதுகு வலி வந்தபோது யாருக்கும் அது செய்தியாகப் படவில்லை, எனக்கே படவில்லை.

வலி இடது காலில் இறங்க ஆரம்பித்த பிறகுதான் பயந்தேன். தும்மினால் கால் விரல் வரைக்கும் கம்பி இழுத்தது மாதிரி இருக்கும். ஸ்கேன் எடுத்ததில் கீழ் முதுகில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். கடையில் போட்டிருந்த இன்ஷூரன்ஸில் அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே இருந்த சர்ஜனைப் பார்த்தோம்.

அவரை எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "என் வைஃப் உங்க கடையிலதான் எடுப்பாங்க. என்னைக்காவது உங்ககிட்டயே எடுத்திருப்பாங்க" என்று சிரித்தார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து, பேனா முனையால் இடத்தைக் காட்டி, பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவது மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"சின்ன ஆபரேஷன்தான். மறுநாளே நடக்க வெச்சுடுவோம். கொஞ்ச நாள் ரெஸ்ட். அப்புறம் பழையபடி மெத்தையில உட்கார்ந்து புடவை விரிக்கலாம்."

அவர் கெட்டவர் என்று இன்றைக்கும் என் வாயால் சொல்ல வரவில்லை. வழக்கில் எனக்கு இருந்த பெரிய தொல்லைகளில் அதுவும் ஒன்று.

ஆபரேஷன் காலையில் நடந்தது. பிற்பகலில் நன்றாக நினைவு வந்தபோது காலில் இருந்த கம்பி வலி போயிருந்தது. சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் ஆக ஆக வேறொன்று தெரிந்தது. இடது பாதம் நான் சொல்வதைக் கேட்கவில்லை. இடுப்புக்குக் கீழே, உட்காரும் இடத்தில், படுக்கை விரிப்பின் மேல் இருக்கிறேன் என்கிற உணர்வே இல்லை. தொட்டுப் பார்த்தேன். வேறு யாரையோ தொடுகிற மாதிரி இருந்தது.

நர்ஸிடம் சொன்னேன். அவர் டியூட்டி டாக்டரை அழைத்து வந்தார். இளைஞர். என் கட்டை விரலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார்.

"மயக்க மருந்து எஃபெக்ட் சார். போகப் போக சரியாயிடும்."

என் மனைவி சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். எதையும் கேட்காமல் விடமாட்டாள். "மூஞ்சில மாஸ்க் வெச்சுத்தானே டாக்டர் மயக்கம் குடுத்தாங்க. அப்ப கீழ மட்டும் இன்னாத்துக்கு மரத்துப் போய்க் கீது?" என்றாள்.

"ஆபரேஷன் பண்ண இடம்மா. வீக்கம் இருக்கும். அவர் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார் அவர். மூத்திரத்துக்கு ட்யூப் போட்டிருந்ததால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பை நிரம்பிக்கொண்டிருந்தது. மறுநாளும் அதே பதில். சர்ஜன் ஏதோ மாநாட்டுக்காக வெளியூர் போயிருந்தார்.

அவர் திரும்பி வந்து என் காலைப் பார்த்த நிமிஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முகத்தில் எதையும் காட்டவில்லை. ஒரு பஞ்சை எடுத்து என் தொடையின் உட்புறம் தடவி, "தெரியுதா?" என்றார். "இல்ல டாக்டர்" என்றேன். இன்னும் மேலே தடவினார். "இப்ப?" "இல்ல." பஞ்சைக் கீழே வைத்துவிட்டு நர்ஸிடம் தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடந்தது. ஸ்கேன், மறுபடி ஆபரேஷன் தியேட்டர், மறுபடி மயக்கம்.

"உள்ள ரத்தம் கட்டி நரம்புக் கத்தையை அழுத்தியிருக்கு. எடுத்துட்டோம். நரம்பு மெதுவாத்தான் வரும்" என்றார் பிறகு.

மெதுவாக என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். நரம்பு வரவில்லை. இடது பாதம் தொங்கியே போனது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். மூத்திரம் தானாக வருவது நின்றுபோனது. வேளாவேளைக்கு நானே மெல்லிய ட்யூபைச் செருகி எடுக்க வேண்டும், தாமதமானால் நிரம்பிக் கசிந்துவிடும். டிஸ்சார்ஜுக்கு முன்னால் ஒரு நர்ஸ் அதைச் சொல்லிக் கொடுத்தார். திரைச்சீலையைப் பிடித்தபடி முதுகைக் காட்டி நின்றிருந்த என் மனைவி, "நானும் பாத்து வெச்சுக்கறேன் சிஸ்டர்" என்று திரும்பினாள். வெளிக்கி போவது என் கட்டுப்பாட்டில் இல்லை. சில நாள் ஒன்றும் போகாது. சில நாள் போனதே தெரியாது.

கடையில் என்னை உடனே கைவிட்டுவிடவில்லை. பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, புடவைக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். ஒரு நாள் மதியம் நாற்காலி நனைந்தது. முகூர்த்த சீசன், கூட்டம். பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்தார்கள்.  மறுநாள் சின்ன முதலாளி என்னை ஓரமாக அழைத்து, "கொஞ்ச நாள் வீட்ல இருங்கண்ணே. உடம்பு தேறட்டும். நாங்களே கூப்பிடுறோம்" என்றார். என் தோளில் கை வைத்துத்தான் சொன்னார். கூப்பிடவில்லை.

வழக்குப் போட வேண்டும் என்பது மனைவியின் முடிவு. எனக்கு அப்போது எதிலும் பிடிப்பு இல்லை. ஜன்னலோரம் கட்டிலில் படுத்து, மயிலாப்பூரில் எங்கள் தெருவில் போகிற வருகிறவர்களின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லோருடைய பாதமும் எவ்வளவு சுலபமாக மடங்கி எழுகிறது என்பதே ஆச்சரியமாக இருக்கும்.

"உன்னாண்ட அன்னிக்கி எத்தினி வாட்டி கேட்டாங்க, எத்தினி வாட்டி சொன்ன? மரத்துப் போய்க் கீதுன்னு சொல்லிக்கினேதானே இருந்த? சொன்னது நெசம்தானே? அத்த அவங்க ஒத்துக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றாள்.

லஸ் பக்கத்தில் ஒரு வக்கீல். அவருடைய அலுவலகம் மாடியில். என்னால் ஏற முடியாது என்று தெரிந்ததும் அவரே கீழே இறங்கி வந்து, நாங்கள் வந்த ஆட்டோவுக்குள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்தார். அதில் அந்த முதல் மாலைக்கு எதிரே ஒரே வரி இருந்தது: நோயாளி நலமாக இருக்கிறார்.

"கேஸ் இருக்கு சார். ஆனா ஜெயிக்கிறது வேற விஷயம்" என்றார் வக்கீல். "உங்க பக்கம் ஒரு டாக்டர் எழுதித் தரணும். அன்னிக்கே ஸ்கேன் எடுத்திருக்கணும்னு ஒருத்தர் எழுதினா போதும். அது இல்லாம நீங்க என்ன சொன்னாலும் அது வெறும் வாய்ப்பேச்சுதான்."

தி. நகரில் ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். பெரிய அனுபவஸ்தர். படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, "அன்னிக்கு சாயங்காலமே ஸ்கேன் எடுத்து, உடனே திறந்திருக்கணும். இதெல்லாம் காத்திருக்கிற விஷயம் இல்ல" என்றார். என் மனைவியின் கண்கள் நிறைந்துவிட்டன. இத்தனை நாளில் அதை வெளியே சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"இத்த எழுதிக் குடுங்க சார்" என்றாள்.

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். ஃபைலை மூடி எங்கள் பக்கம் தள்ளினார்.

"நான் சொன்னது உங்களுக்குத் தெரியணும்னுதான்மா. எழுதறதுன்னா வேற. அவரும் நானும் நாளைக்கு ஒரே மேடையில உட்காரணும்."

"அப்ப எங்களாண்ட மட்டும் இன்னாத்துக்கு சார் சொன்னீங்க?"

"நீங்க கேட்டீங்க" என்றார் அவர். அதுவும் உண்மைதான். அதன் பிறகு இன்னும் சிலரைப் பார்த்தோம். அவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை.

எப்படியோ மனு தயாரானது. வக்கீல் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். "இங்க வெட்கப்பட்டீங்கன்னா அங்க தோத்துடுவீங்க. உடம்பு என்ன நிலைமையில இருக்கோ அப்படியே சொல்லுங்க." நான் சொல்லச் சொல்ல டைப் அடித்தது ஓர் இளம் பெண். என் மகள் வயதிருக்கும். நான் டயப்பர் என்று சொன்னபோதும் மலம் என்று சொன்னபோதும் அவள் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அதற்காக அவளுக்கு நன்றி சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. கடைசியில் வக்கீல் தயங்கி, "தாம்பத்திய வாழ்க்கை..." என்று இழுத்தார். நான் தரையைப் பார்த்தேன். என் மனைவி, "அதுவும் போச்சு. போடுங்க" என்றாள்.

நுகர்வோர் ஆணையத்தில் மனு ஏற்கப்பட்டது. வாய்தா மேல் வாய்தா. அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வரன் வந்தது.

நங்கநல்லூரில் பையன் வீடு. அப்பா மத்திய சர்க்காரில் இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா வீட்டோடு. ஒரே பையன். மகளும் அவனும் ஒரே இடத்தில் வேலை. இருவருக்கும் பிடித்துப்போய்த்தான் பேச்சே ஆரம்பித்தது. என் காலைப் பற்றிக் கேட்டார்கள். "முதுகுல ஒரு ஆபரேஷன். கால் கொஞ்சம் இழுக்கும்" என்றாள் மனைவி. அவ்வளவுதான் சொன்னோம். வழக்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மகளுக்கு அது பிடிக்கவில்லை. "சொல்லிடலாம்மா. அவங்க நல்ல மாதிரி. பின்னாடி தெரிஞ்சா அசிங்கம்" என்றாள்.

"கல்யாணம் முடியட்டும்டீ. பொண்ணோட அப்பன் இப்படிக் கீறார்னு முன்னாடியே சொல்லிக்கினு நிப்பாங்களா?"

என்னைப் பார்த்தார்கள். "முடியட்டும்" என்றேன்.

அந்த மாதங்கள் விசித்திரமானவை. காலையில் ஆணையத்துக்குப் போய், இவனால் நிற்க முடியாது, அடக்க முடியாது, இவன் வாழ்க்கை போய்விட்டது என்று நிரூபிக்க உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் சம்பந்தியிடமிருந்து போன் வரும். "நடமாட்டமெல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்பார். "பரவாயில்ல, நல்லா இருக்கேன் சம்பந்தி" என்பேன்.

கல்யாணம் நங்கநல்லூரிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். பட்டு வேட்டிக்கு உள்ளே டயப்பர், அதற்கு மேல் இன்னொன்று. தொங்கும் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஸ்ப்ளிண்டுக்கு மேல் சாக்ஸ். மணமேடையில் எல்லோரும் மணையில் உட்கார, எனக்கு மட்டும் நாற்காலி. மகளைத் தாரை வார்த்தேன். தாகத்தால் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நான் சந்தோஷமாக இருந்தேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அப்படி இருந்தது அன்று ஒரு நாள்தான்.

போட்டோ எடுக்கும்போது உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை. எழுந்து நின்றேன். மகளின் கூறைப்புடவை மறைப்பில் என் வலது கை நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்திருந்தது. இடது கை மாப்பிள்ளையின் தோள் மேல். பாசத்தில் போட்ட கை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாதி பாரம் அந்தத் தோளில் இருந்தது. அவன் ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் என் பக்கம் சாய்ந்து கொடுத்தான். "சார், சிரிங்க" என்றார் போட்டோகிராபர். சொல்லாமலே சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தை மகள் ஃபேஸ்புக்கில் போட்டாள். கீழே, "எங்கப்பா சிங்கம் மாதிரி எழுந்து நின்னார்" என்று எழுதியிருந்தாள். கடையில் பழைய ஆட்கள்கூட லைக் போட்டார்கள்.

சில மாதம் கழித்து வக்கீல் கூப்பிட்டனுப்பினார். வழக்கம் போலக் கீழே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு கூடுதலாக ஓர் ஆவணம் கொடுத்திருக்கிறது என்று ஒரு தாளை நீட்டினார். கலர் பிரிண்ட். என் மகளின் கல்யாணப் படம். மூலையில் ஒரு முத்திரை, அதற்குள் எண். சிங்கம் மாதிரி என்ற வரியையும் சேர்த்தே பிரிண்ட் எடுத்திருந்தார்கள்.

"இது எப்ப எடுத்தது சார்? என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் வக்கீல். கோபப்படவில்லை. களைப்பாகக் கேட்டார்.

என் மனைவி அந்தத் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "எம் பொண்ணு கல்யாணம் சார் அது" என்றாள். 

விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் குரல் உயர்த்தவே இல்லை. "மனுதாரர் துணையில்லாமல் நிற்க இயலாது என்கிறார். எந்த விசேஷத்திலும் கலந்துகொள்ள இயலாது என்கிறார். இந்தப் படத்தைப் பாருங்கள். ஊன்றுகோல் இல்லை. நிற்கிறார். சிரிக்கிறார்." ஆணையத் தலைவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்திருந்த கை அதில் எங்கேயும் இல்லை. எனக்கு எழுந்து சொல்ல வேண்டும் போலிருந்தது. சுவரோரம் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன், யாராவது கை கொடுத்தால்தான் என்னால் எழ முடியும். கை கொடுக்க மனைவி எழுந்தபோது அடுத்த வாய்தா போட்டுவிட்டார்கள்.

வழக்குப் போட்ட பிறகு அன்றைக்குத்தான் சர்ஜனை நேருக்கு நேர் பார்த்தேன். அவர் வரவேண்டிய அவசியம் இல்லை, ஏதோ கையெழுத்துக்காக வந்திருந்தார். நடைவழியில் எனக்கு எதிரே வந்தவர் ஒதுங்கிப் போயிருக்கலாம். நின்றார்.

"எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன் டாக்டர்."

"யூரின் இன்ஃபெக்‌ஷன் அடிக்கடி வருதா?"

"வருது. போன மாசம்கூட ஜுரம்."

"தண்ணி நிறைய குடிங்க. ட்யூபை ரெண்டாவது தடவை யூஸ் பண்ணாதீங்க. ஜுரம் வந்தா வீட்ல வெச்சுப் பாக்காதீங்க, உடனே போயிடுங்க."

"சரி டாக்டர்" என்றேன். கையைக்கூடக் கூப்பியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். கொஞ்ச தூரத்திலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"தண்ணி நிறைய குடிக்கச் சொன்னார்."

 ஆட்டோ ஏறி, பாதி வழி வந்த பிறகு, "அன்னிக்கி நடந்தத பத்தி?" என்றாள். இல்லை என்று தலையசைத்தேன். நானும் கேட்கவில்லை என்பதை அவள் கேட்காமலே புரிந்துகொண்டாள்.

படத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அன்று மண்டபத்தில் பக்கத்தில் இருந்த ஒருவர் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்றார் வக்கீல். நானும் மனைவியும் சொன்னால் எடுபடாது. மகள், "நான் தரேன்" என்றாள். வேண்டாம் என்றேன். அதில் எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கும்: டயப்பர், ட்யூப், தண்ணீர் குடிக்காமல் இருந்தது, நாற்காலி, மாப்பிள்ளையின் தோள். அவள் கேட்கவில்லை. "நான் போட்ட படத்தாலதானேப்பா" என்றாள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் சண்டை போடவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்" என்று மட்டும் கேட்டிருக்கிறான். பிறகு அவன் அவனுடைய அம்மாவிடம் சொன்னான். மறைப்பதற்கு அவனுக்குக் காரணம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பயந்துகொண்டேதான் போனோம். வாசலில் ஆட்டோ நின்றதும் சம்பந்தியம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போவது தெரிந்தது. நான் லிஃப்டில் ஏறி ஹாலுக்குள் நுழைந்தபோது, புது சோபாவின் ஒரு மூலையில் மட்டும் மடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பழைய டவல் ஒன்று நாலாக மடித்துப் போட்டிருந்தது.

"இங்க உட்காருங்க சம்பந்தி. உங்களுக்கு வசதியா இருக்கும்" என்றார் அந்த அம்மா. முகத்தில் கேலி இல்லை, வெறுப்பு இல்லை. உண்மையாகவே என் வசதியை நினைத்துத்தான் போட்டிருந்தார்.

உட்கார்ந்தேன். நான் அசையும்போதெல்லாம் அடியில் பிளாஸ்டிக் சரசரத்தது. அதனால் அசையாமல் உட்கார்ந்தேன். சம்பந்தி பேப்பரில் வந்த ஏதோ செய்தியைப் பற்றிப் பேசினார். தலையாட்டினேன். மகள் காபித் தட்டோடு உள்ளேயிருந்து வந்தாள். சிரித்த முகமாக வந்தவள், என்னைப் பார்த்தாள், எனக்கு அடியில் இருந்ததைப் பார்த்தாள். தட்டை டீப்பாயில் வைத்துவிட்டு, யாருக்கும் டம்ளரை எடுத்துக் கொடுக்காமல் திரும்பிப் போய்விட்டாள். சமையலறையில் குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது மனைவி, "மரியாதையாத்தான் கூப்ட்டாங்க. சாப்பாடும் நல்லாக் கீது" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அதன் பிறகு நான் அங்கே போகவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்தது. பிறகு மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் பெங்களூருக்கு மாற்றலாகிவிட்டது. காரணம் தேட வேண்டிய வேலையும் போனது.

வழக்கில் அரசு மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் குழுவிடம் கருத்துக் கேட்டார்கள். ஒரு நாள் போய் அவர்கள் முன்னால் படுத்தேன். மூன்று பேர் என் காலைத் தூக்கினார்கள், சுத்தியலால் தட்டினார்கள், பழையபடி பஞ்சால் தடவி, தெரியுதா தெரியுதா என்று கேட்டார்கள். ஒருவர் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்து, "போதும், எழுந்திருங்க" என்றார். அந்தத் தட்டலில் ஏதோ நல்லது இருக்கிறது என்று வீடு வரும் வரைக்கும் மனைவியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அறிக்கை வந்தது. முதுகுத்தண்டு அறுவையில் ரத்தம் கட்டுவது அறியப்பட்ட பின்விளைவு. கண்டறிந்தவுடன் தகுந்த சிகிச்சை அளிக்கப்பட்டிருக்கிறது. கண்டறிந்தவுடன். எப்போது கண்டறிந்திருக்க வேண்டும் என்பதை அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை போல.

தீர்ப்பு சொன்ன நாளில் என் மனைவிதான் போனாள். எனக்கு ஜுரம். நகலை வக்கீல் எனக்குப் போனில் படித்துக் காட்டினார். நரம்பு பாதிக்கப்படலாம் என்று எழுதியிருந்த சம்மதப் படிவத்தில் மனுதாரர் கையெழுத்திட்டிருக்கிறார். தாமதம் என்பதற்கு மருத்துவ நிபுணர் சான்று எதையும் மனுதாரர் தரவில்லை. பாதிப்பின் அளவும் புகைப்படத்தோடு பொருந்தவில்லை. மனு தள்ளுபடி.

"என் பொண்ணு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

வக்கீல் கொஞ்சம் தேடினார். தாள் புரளும் சத்தம் கேட்டது. "நெருங்கிய ரத்த உறவு என்பதால் அவரது சாட்சியத்துக்கு முக்கியத்துவம் தர இயலவில்லைன்னு போட்டிருக்காங்க சார்."

"வேற ஒண்ணும் இல்லயா?"

"அவ்வளவுதான். ஒரே வரி."

மேல்முறையீடு செய்யலாம், மாநில ஆணையம் இருக்கிறது, ஆனால் எழுதித் தர ஒரு டாக்டர் கிடைக்காமல் அங்கே போவதும் போகாததும் ஒன்றுதான் என்றார். யோசித்துச் சொல்லச் சொன்னார். எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும் என்பதையும் சொன்னார்.

அன்று மனைவி வீட்டுக்கு வர வெகுநேரம் ஆனது. ஆணையத்திலிருந்து நேராக வரவில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் தன் அக்கா வீட்டுக்குப் போய், அங்கே சும்மா உட்கார்ந்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுர மாத்திரை கொடுத்தாள். "அன்னிக்கி மரத்துப் போச்சுன்னு நீ சொன்னியா இல்லியான்னு எங்கனா போட்டுக்கிறாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். 

மகளுக்கு அவள்தான் போன் செய்து சொன்னாள். அந்த ஒரு வரியை மட்டும் சொல்லவில்லை. மகள் நகலை அனுப்பச் சொன்னாளாம். அனுப்புகிறோம் என்றிருக்கிறோம், இன்னும் அனுப்பவில்லை.

மேல்முறையீட்டுக்கான கெடு என்றைக்கு முடிகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த நாள் வந்தது. தெருவில் தண்ணி லாரி வந்து நின்றது. மனைவி குடங்களை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்து சமைத்தாள். சாப்பிட்டோம். பகல் முழுக்க நான் ஜன்னலோரம் படுத்திருந்தேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். வக்கீல் ஒரு முறை போன் செய்தார். மணி அடிப்பது இருவருக்கும் கேட்டது. போன் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அது நிற்கும்வரை அவள் மடிப்பதை நிறுத்தவில்லை, நானும் எடு என்று சொல்லவில்லை.